நளபணாவில் வலை வீசலாமா?

குர்தா ரோட்டிலும் புவனேசுவரத்திலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் சிலிகா ஏரியைக் காணாத குடும்பம் இராது. விடுமுறைக்கு ஊர் செல்ல ரெயிலேறிப் பகல் வேளையில் பாலுகாவ் நிலையத்தை நெருங்கினால், இடப்புறத்து ஜன்னலுக்குக் குழந்தைகளிடையே போட்டி மூண்டுவிடும். “கடல், கடல்!” என்று கூவுவார்கள். அது கடல் அன்று. கடலோடு உறவை அறுத்துக்கொள்ளாத ஏரி. கோடையில் 900 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேலும், மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேலும் பரந்து கிடப்பது. மழை நீரும் கடல் நீரும் ஒன்றில் ஒன்று கலந்து, ஓரிடத்தில் உவர்ப்பாகவும் மற்றோரிடத்தில் நன்னீராகவும் இருப்பது. வண்டி ரம்பா நிலையத்தைக் கடந்து ஏரி மறைந்ததும் நாம் கட்டுச்சோற்றைப் பிரிப்போம், ஏரியையும் மறந்துவிடுவோம்.

சென்ற பொங்கல் விடுமுறையில் நம் சங்கத்தார் சிலர் குடும்பத்துடன் பாலுகாவ் சென்று படகில் ஏரியைச் சுற்றி வந்தோம். மகர சங்கராந்தியை ஒட்டிய நாளாகையால் காளிஜாய் அம்மன் தீவில் கூட்டம் மிகுதி. அம்மனைத் தொழுதபின் படகு நளபணாத் தீவை நோக்கித் திரும்பிற்று. நளபணா என்றால் நாணற்காடு என்று பொருள். மழைக்காலத்தில் நீருள் மூழ்கிக் கிடந்து, குளிர்காலத்தில் சேற்றுத் திட்டாக மேலெழும் தீவு அது. தீவின் எல்லைக்கு வெளியே படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். அப்பொழுது நாம் கண்ட காட்சியை எழுத்தில் அடக்க நமக்குத் திறன் இல்லை. ஊசிவால் வாத்துகளும், நெட்டை மூக்கு உள்ளான்களும், தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு போலப் பூநாரைகளும் நிறைந்திருந்தன. தண்ணீர் எது, பறவை எது என்று பிரித்தறிய முடியவில்லை.

அந்த அமைதியைக் கலைத்தது நம் கூட்டத்தில் இருந்த ஒரு சிறுமியின் கேள்வி. “பறவை மட்டும் இங்கே மீன் பிடிக்கலாம், மனுஷன் பிடிக்கக் கூடாதா, மாமா?” என்று அவள் நம்மைக் கேட்டாள். படகோட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் கேள்வியின் பொருளை எவரோ ஒடியா மொழியில் அவருக்குச் சொல்லிவிட்டனர். அவர் சிரித்தார். பின்பு சிரிப்பை நிறுத்திவிட்டு, “பாபு, பறவை பிடித்தால் அதைப் பார்க்க நீங்கள் காசு கொடுத்து வருகிறீர்கள். என் தம்பி பிடித்தபோது வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்” என்றார்.

வீடு திரும்பிய பின்னும் இச்சொல் நம்மை விடவில்லை. சங்க மண்டபத்தில் மறுவாரம் இதையே பேச்சாக எடுத்துக்கொண்டபோது, கூடியிருந்தோர் இரு பிரிவாகிவிட்டனர். அன்று நாம் வாய் திறக்கவில்லை. ஆராயாமல் பேசுதல் தகாது எனக் கருதினோம். இப்பொழுது நாம் அறிந்தவற்றை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

ஒன்றை முதலில் கூறிவிடுவது நேர்மை. நாம் சில ஆண்டுகள் பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். பனிக்கட்டி நிரப்பிய தெர்மோகோல் பெட்டிகளில் சிலிகாவின் இறாலும் கொடுவாயும், உயிரோடு கட்டிய நண்டுக் கூடைகளும் ஹவுரா வண்டிக்குக் காத்துக் கிடப்பதை நாள்தோறும் கண்டவர். 1890-களில் இந்த இருப்புப் பாதை போடப்பட்ட பிறகே சிலிகா மீன் கல்கத்தாச் சந்தைக்குப் பெருக ஏறத் தொடங்கிற்று. ஆகவே ஏரியின் மீன் தீர்ந்தால் அதில் நம் இலாகாவுக்கும் பங்கு உண்டு. மீன் பெருகினால் நம் எடைத் தராசுக்கும் வேலை உண்டு. சைவ உணவினராகிய சில அன்பர்கள் இவ்வழக்கில் எளிதாகத் தீர்ப்புக் கூறிவிட்டனர். அவர்களை நாம் குறை கூறவில்லை. மீனை உண்ணாதார்க்கு மீனவர் வயிற்றைப் பற்றி முடிவு செய்வது எளிது என்பதை மட்டும் மெல்லச் சொல்லி வைக்கின்றோம்.

சிலிகா நெடுநாளாகவே அறிஞர்களின் ஆய்வுக்கூடம். 1914-ஆம் ஆண்டு தொடங்கி, கல்கத்தா இந்தியன் மியூசியத்தைச் சேர்ந்த அனன்டேல், கெம்ப் என்னும் இரு விலங்கியல் அறிஞர்கள் இந்த ஏரியின் உயிர்களை ஒவ்வொன்றாகச் சேகரித்து ஆராய்ந்தனர். ரம்பாவுக்கு அருகில் உள்ள பர்குடா என்னும் சிறு தீவில் காலே இல்லாத ஓர் அரணையைக் கண்டு, 1917-இல் அதை உலகுக்கு அறிவித்தவரும் அனன்டேலே. அதன் பெயரில் அத்தீவின் பெயர் இன்றும் இருக்கிறது. 1981-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளுக்கான ராம்சார் பட்டியலில் இந்தியாவிலிருந்து முதன்முதல் இடம்பெற்ற இரண்டு நீர்நிலைகளுள் சிலிகா ஒன்று, மற்றது பரத்பூர். நளபணாவில் 15.53 சதுர கிலோமீட்டர் பரப்பு 1987-இல் பறவைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மொத்த ஏரியில் இது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. இங்கே வலை வீசுதல் குற்றம். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் இந்த ஏரியில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுகின்றனர். ஜனவரிதோறும் நடைபெறும் கணக்கெடுப்பில், அண்மை ஆண்டுகளில் ஏரி முழுவதிலும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் எண்ணப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும் கூட்டம் நளபணாவில் தங்குவது.

இனி மீனவர் பக்கத்து நியாயத்தைக் காண்போம். அது லேசானதன்று.

ஏரியைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில், ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்கள் மீனை நம்பி வாழ்கின்றனர். கைவர்த்தர், கண்டரர், தியரர், தெலுங்கு பேசும் நோலியர் என அவர்களுள் பல பிரிவுகள். எந்தப் பிரிவினர் எந்த வலையை வீசுவர், எந்தப் பொறியை வைப்பர் என்பதுகூடப் பரம்பரையாக வகுக்கப்பட்டது. மூங்கில் தட்டிகளால் நீரை வளைத்து, வற்றும் காலத்தில் மீனைத் திரட்டுவது ஒரு முறை. இறாலைப் பெட்டிப் பொறியில் பிடிப்பது வேறொரு முறை. ஜமீன்களின் காலத்தில் கள்ளிக்கோட், பாரிகுட் முதலிய சமஸ்தானங்களுக்குக் குத்தகை செலுத்தினர். பின்னர் அரசாங்கத்துக்குச் செலுத்தினர். 1959-இல் பாலுகாவில் மத்தியக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிய பிறகு, ஊர்க் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகக் குத்தகை பெற்றனர். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பங்கிட்டு ஆண்ட நீரில் ஒரு பகுதியைச் சட்டம் மூடிவிட்டது. மூடும்பொழுது யாருடைய பங்கு மூடப்பட்டது? கரையில் மாளிகை கட்டியவனுடையது அன்று.

நம் படகோட்டியின் தம்பி செய்த தவறு இதுவே. மழைக்கால இரவில் தீவு நீருள் மூழ்கிக் கிடக்கையில், எல்லைக்கு உள்ளே வலை விரித்துவிட்டார். எல்லை தெரியவில்லை என்பது அவர் வாதம். தெரிந்தேதான் சென்றிருப்பார் என்று படகோட்டியே நம்மிடம் தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார். ஏன் சென்றார்? வியாபாரியிடம் முன்பணம் பெற்றிருந்தார். அதை இங்கே தாதன் என்பர். முன்பணம் வாங்கியவன் தன் மீனை அந்த வியாபாரிக்கே, அவன் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். வலை போயிற்று, கடன் போகவில்லை. புது வலைக்கு மறுபடியும் அதே வியாபாரியிடமே கை நீட்டினாராம்.

“பறவைகள் ஐப்பசியில் வருகின்றன, பங்குனியில் போய்விடுகின்றன. அவை இல்லாத மாதங்களிலாவது எங்களை விடக் கூடாதா?” என்பது படகோட்டியின் கேள்வி. சங்க மண்டபத்தில் நம் அன்பர் ஒருவரும் இதையே நடுநிலை வழி என்று எடுத்துரைத்தார். கேட்டவுடன் நமக்கும் அது நியாயமாகவே தோன்றிற்று. ஆராய்ந்தபின் தோன்றவில்லை. காரணத்தைக் கூறுகின்றோம்.

சிலிகாவின் மீனில் பெரும்பகுதி கடலுக்கும் ஏரிக்கும் இடையே பயணம் செய்வது. மடவை மீன் முட்டையிடக் கடலுக்குச் செல்லும். இறாலின் குஞ்சுகள் கடலில் பிறந்து, முகத்துவாரம் வழியே ஏரிக்குள் புகுந்து, ஆழமற்ற நீரில் கடற்புல்லினிடையே ஒளிந்து வளரும். பெண் நண்டும் முட்டை சுமந்து கடலை நோக்கிப் போகும். பறவை இல்லாத மாதங்களில் நளபணா வெறுமையாகக் கிடப்பதாக நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. ஆனால் மூழ்கிய அந்தத் திட்டின் புல்லும் நாணலுமே குஞ்சு மீனுக்குத் தொட்டில். அங்கு அப்பொழுது சிறுகண் வலையை விரித்தால், மார்கழியில் எடைக்கு வரவேண்டிய இறால் ஆவணியிலேயே கருவாட்டுக் கூடைக்குப் போய்விடும். குளிர்காலத்தில் அங்கு இருக்கும் இலட்சக்கணக்கான பறவைகளின் எச்சம் அந்த நீருக்கு உரம். நம் செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் உழவர்கள் இதை நன்கு அறிவர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு ஊட்டம் என்பதனால், அவ்வூரார் எந்தச் சட்டமும் கேளாமல் முன்பே பறவைகளைக் காத்து வந்தனர்.

மற்றொரு காரணமும் உண்டு. ஆய்வு என்பதன் உயிர்நாடி அதுவே. வலையினால் ஏரிக்கு நேர்வது என்ன என்பதை அறிய வேண்டுமாயின், வலையே படாத நீர் ஒன்று ஏரிக்குள் இருந்தாக வேண்டும். மருந்து கொடுத்த நோயாளியையும் கொடாத நோயாளியையும் வைத்தியர் ஒப்பிட்டுப் பார்ப்பது போல. ஏரி முழுவதும் வலையாகிவிட்டால், மீன் குறையும் ஆண்டில் குற்றம் யாருடையது என்று எவராலும் நிறுவ இயலாது. நிறுவ இயலாத குற்றம் எப்பொழுதும் ஏழையின் தலையிலேயே விழும்.

இது வெறும் கற்பனை அன்று. 1980-களின் நடுவில் ஏரியில் ஆண்டுக்கு 8,000 டன்னுக்கு மேல் மீன் கிடைத்து வந்தது. 1999-2000-இல் அது 2,000 டன்னுக்கும் கீழே இறங்கிற்று. அக்காலத்தில் மீனவர் மிகுதியாகப் பிடித்துவிட்டனர் என்று கூறியவர் பலர். உண்மையில், ஆறுகள் கொணர்ந்த வண்டலால் கடலுக்குச் செல்லும் வாய்க்கால் தூர்ந்து, உவர்ப்புக் குறைந்து, களை மண்டியிருந்தது. 1993-இல் ராம்சார் அமைப்பு இதை அழிவை நெருங்கும் நீர்நிலைகளின் பட்டியலில் சேர்த்தது. சிலிகா வளர்ச்சி ஆணையம் நீரோட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து ஆராய்ந்தபின், 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. நீர் செல்லும் வழி 18 கிலோமீட்டர் குறைந்தது. 2001-02-இல் 11,000 டன்னுக்கு மேல் மீன் அகப்பட்டது. 2002-இல் அந்த அபாயப் பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது. அவ்வாறு நீக்கப்பட்ட ஆசிய நீர்நிலைகளுள் இதுவே முதலாவது. அளவுகோலைக் கையில் வைத்திருந்தவர்கள்தாம் மீனவர் மீது இருந்த பழியை நீக்கினர் என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டுகின்றோம்.

ஆகவே நளபணா மூடியே இருக்கட்டும் என்பது நம் முடிவு. ஆனால் இவ்வளவோடு நாம் நிறுத்தினால், அந்தப் படகோட்டியின் முகத்தை மறுபடி பார்க்க நமக்கு வெட்கமாக இருக்கும்.

ஏரியில் நளபணாவுக்கு வெளியே நடப்பது என்ன? மூங்கில் கழிகளை நட்டு, சிறுகண் வலையால் ஏரியை வளைத்து, உள்ளே இறால் வளர்ப்பர். இதற்குக் கேரி என்று பெயர். இறாலுக்கு வெளிநாட்டில் பொன் விலை வந்த 1980-கள் முதல் இது பரவிற்று. வளைப்பவர்களுள் பரம்பரை மீனவர் அல்லாதாரே பலர். பணமும் ஆள்பலமும் உடையோர். 1990-களின் தொடக்கத்தில் பெரிய தொழில் நிறுவனம் ஒன்றும் இறால் பண்ணையிட முனைந்தது. மீனவர்களும் மாணவர்களும் திரண்டு போராடியதன்மேல் அது கைவிடப்பட்டது. 1999 மே 29 அன்று, மீனவர்கள் கேரிகளைத் தாமே பிடுங்கியெறிந்த கிளர்ச்சியின் தொடர்ச்சியாக, சொரணா என்னும் ஊரில் போலீசார் துப்பாக்கியால் சுட்டதில் நால்வர் மாண்டனர். அந்நால்வர் இறந்தது பறவைக்கு எதிராக அன்று. தம் ஏரி தம் கையை விட்டுப் போகாதிருக்கவே.

இதில் தமிழராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர், தமிழ்நாட்டுச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் அவர்கள். தஞ்சைக் கடற்கரையில் நெல் வயல்கள் உப்பு வயல்கள் ஆவதைக் கண்டு முதிய வயதில் போராட எழுந்தவர். 1996 டிசம்பர் 11-ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பில், சிலிகா ஏரி, பழவேற்காட்டு ஏரி ஆகிய இரண்டின் கரையிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று நீதிமன்றம் பெயர் குறித்தே ஆணையிட்டது. நம் ஊர் ஏரியும் நாம் குடிவந்த ஊர் ஏரியும் ஒரே தீர்ப்பில் அருகருகே நிற்கின்றன. பழவேற்காட்டில் மீனவர் தமக்குள் ‘பாடு’ என்று முறை வைத்து, எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டுவது எனப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக உண்டு. மீனவனுக்குக் கட்டுப்பாடு தெரியாது என்பவர்கள் அங்கு ஒரு முறை சென்று வரலாம்.

தீர்ப்பு வந்த பின்னும் சிலிகாவில் கேரிகள் ஒழிந்தபாடில்லை. அண்மை ஆண்டுகளிலும் அதிகாரிகள் படகுகளில் சென்று மூங்கிலைப் பிடுங்குவதும், சில மாதங்களில் மறுபடியும் மூங்கில் முளைப்பதும் தொடர்ந்து வந்திருக்கின்றன. இதுவே நம் மனத்தை உறுத்துவது. ஒரு சிறு வலையோடு எல்லை தாண்டியவனை இரவிலும் கண்டுபிடிக்கும் சட்டத்துக்கு, பட்டப்பகலில் பல ஏக்கர் நீரை வளைத்து நிற்கும் மூங்கில் கண்ணில் படாமற்போவது எங்ஙனம்? கேரியை நீக்காமல் நளபணாவில் மட்டும் கண்டிப்புக் காட்டினால், காவல் என்பது ஏழைக்கு மட்டும் பூட்டிய கதவு என்றே மீனவர் கருதுவர். அக்கருத்தை நாம் மறுத்துரைக்கவும் இயலாது.

நளபணாவின் எல்லை மழைக்காலத்திலும் கண்ணுக்குத் தெரியுமாறு உயர்ந்த கம்பங்களும் இரவில் ஒளிரும் அடையாளமும் வேண்டும். முதல் முறை தவறியவனுக்கு எச்சரிக்கை போதும். வலையைப் பறிப்பது அவனை வியாபாரியிடம் அடிமை ஓலை எழுதிக் கொடுக்கச் செய்வதாகும். எல்லாவற்றிலும் மேலாக, அங்கே காவலும் கணக்கெடுப்பும் செய்யும் வேலையில் அந்த மீனவர் வீட்டுப் பிள்ளைகளே அமர்த்தப்பட வேண்டும். இது நடவாத காரியம் அன்று. ஏரியின் வடகரையில் மங்களாஜோடி என்னும் ஊர் உண்டு. ஒரு காலத்தில் பறவைகளைக் கொன்று விற்பதற்குப் பெயர்போன ஊர். 2000-ஆம் ஆண்டையொட்டி அவ்வூர் வேட்டைக்காரர்களே மனம் மாறிப் பறவைக் காவலுக்குச் சங்கம் அமைத்தனர். இன்று அவர்களே துடுப்புப் படகில் விருந்தினரை அழைத்துச் சென்று, ஒவ்வொரு பறவையையும் பெயர் சொல்லிக் காட்டுகின்றனர். எந்தப் பறவை எப்பொழுது எங்கே இறங்கும் என்பதை வேட்டைக்காரனைவிட நன்கறிந்தவர் யார்? மீனைப் பற்றியும் அப்படியே. ஆய்வாளர் நளபணாவில் கண்டறிவதை ஒடியா மொழியில் கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களில் வந்து சொல்ல வேண்டும். மூடிய நீரிலிருந்து வெளியே வரும் மீன் எத்தனை, அது எந்த ஊர் வலையில் விழுகிறது என்று மீனவன் கேட்டால் பதில் கூறக் கடமைப்பட்டவர்கள் அவர்கள்.

அந்தச் சிறுமிக்கு நாம் இன்னும் விடை கூறவில்லை. படகில் இருந்தபோது, “பறவைக்குக் கூட்டுறவுக் கடை கிடையாது, அம்மா” என்று ஏதோ சொல்லித் தப்பித்தோம். அவள் அதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இவ்வாண்டு மறுபடியும் அழைத்துச் சென்றால் அவளே படகோட்டியிடம் கேட்டுக்கொள்வதாகக் கூறுகிறாள். அதற்காக ஒடியா எழுத்துகளைக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

வரும் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறன்று சங்கத்தார் மீண்டும் பாலுகாவ் செல்ல இருக்கின்றனர். சென்ற முறை வந்த அதே படகோட்டியையே அமர்த்தச் சொல்லியிருக்கிறோம். கட்டுச்சோறு அவரவர் கொணர வேண்டும். பறவைகளை அருகில் பார்க்க வேண்டும் என்று படகோட்டியை எல்லைக்குள் செல்லுமாறு எவரும் வற்புறுத்தலாகாது. சென்ற முறை நம்மவருள் இருவர் அவ்வாறு வற்புறுத்தினர், அவர் மறுத்துவிட்டார். வர விரும்புவோர் மார்கழி முடிவதற்குள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.